டஸ்டின் ஃபிளெச்சர்: 23 சீசன், 400 ஆட்டம், ஒரே கிளப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் மனதில் பதிவது கோல் அடிக்கிறவர்களின் பெயர்கள்தான். எனக்கும் அப்படித்தான். அந்தக் கோல்களைத் தடுக்கிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டம் முழுதாகப் புரிந்தது. அப்படிக் கவனிக்க வேண்டிய முதல் ஆள் டஸ்டின் ஃபிளெச்சர். அவரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த டஸ்டின் ஃபிளெச்சர்?

மெல்போர்னின் எஸெண்டன் கிளப்புக்காக 1993 முதல் 2015 வரை ஆடிய டிஃபெண்டர். பிறந்தது 1975 மே 7. உயரம் 198 சென்டிமீட்டர். ஜெர்சி எண் 31. மொத்தம் 400 ஆட்டங்கள், வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. 1993, 2000 என இரண்டு முறை சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தார். ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், இந்த ஆட்டத்தின் முதன்மைத் தொடர்) சீசன் முடிவில் அறிவிக்கும் கனவு அணியான ஆல் ஆஸ்திரேலியன் அணியில் 2000-லும் 2007-லும் இடம் பெற்றார்.

எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சரி. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி.

இன்னொன்று முக்கியம். 15 மீட்டராவது பறந்து வந்த உதையைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் 'மார்க்'. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, அவர் நிதானமாகக் குறி பார்த்து உதைக்கலாம். கோல் பக்கத்தில் ஒருவர் மார்க் பிடித்துவிட்டால் பாதி கோல் வந்துவிட்ட மாதிரிதான். அந்த மார்க்கைத் தடுப்பதுதான் டிஃபெண்டரின் பிழைப்பு.

டிவியில் டிசம்பர் 26 டெஸ்ட் போட்டி பார்க்கிறோமே, அதே மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் இந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியும் நடக்கும்.

ஃபுல் பேக் என்றால் என்ன வேலை?

ஃபிளெச்சர் ஆடிய இடம் அதுதான். தன் அணியின் கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் நிற்கும் கடைசி ஆள். சாக்கர் மாதிரி கையுறை போட்ட கோல்கீப்பர் யாரும் இங்கே கிடையாது. ஃபுல் பேக்கைத் தாண்டிவிட்டால் அப்புறம் வெறும் கம்பங்கள்தான். எதிரணியின் மிகப் பெரிய, அதிகக் கோல் அடிக்கிற ஆள் யாரோ, அவர்தான் 'ஃபுல் ஃபார்வர்ட்'. ஃபுல் பேக் அவரோடு உடம்பு உரசி நாள் முழுக்க நிற்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு வலி இருக்கிறது. ஃபார்வர்ட் ஆறு முறை தவறவிட்டு மூன்று முறை அடித்தால் அவருக்கு நல்ல நாள். ஃபுல் பேக் ஆறு முறை தடுத்து மூன்று முறை கோட்டைவிட்டால், மறுநாள் பேப்பரில் அந்த மூன்று மட்டும்தான் வரும். ஃபிளெச்சர் 23 வருடம் இந்தக் கணக்கின் தப்பான பக்கத்தில் நின்றவர். அந்த 400 என்ற எண்ணை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

அவரை ஏன் 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' என்று கூப்பிட்டார்கள்?

கைகளின் நீளம். அந்தக் கார்ட்டூன் துப்பறிவாளருக்குக் கை நீண்டுகொண்டே போகும் இல்லையா, அது மாதிரி.

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பந்து உயரத்திலிருந்து இறங்குகிறது. ஃபார்வர்ட் முன்னால் நிற்கிறார், முதுகால் டிஃபெண்டரை ஒதுக்கி இடம் பிடித்துவிட்டார். இரண்டு உள்ளங்கைகளும் பந்துக்காக விரிந்திருக்கின்றன. மைதானத்தில் எல்லோரும் மார்க் என்றே நினைக்கிறார்கள். விரல்கள் பந்தை மூடுவதற்கு ஒரு கணம் முன்னால், அவர் தோளுக்கு மேலாகப் பின்னாலிருந்து ஒரு முஷ்டி வந்து பந்தைக் குத்தி எல்லைக்கோட்டுப் பக்கம் அனுப்புகிறது. முதுகில் தள்ளல் இல்லை, கையில் அடி இல்லை. நடுவரின் விசில் ஊதவில்லை. இதற்குப் பெயர் 'ஸ்பாயில்'. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் அரை நொடி முந்தினால் கை பந்தைத் தொடாது, அரை நொடி பிந்தினால் ஃபார்வர்டின் கையில் பட்டு ஃப்ரீ கிக் போய்விடும்.

ஃபிளெச்சர் ஃபார்வர்டுக்கு ஒரு அடி பின்னாலேயே தைரியமாக நிற்பார். நெருக்கமாக நிற்காதபோது எதிராளிக்கு இடம் கிடைத்துவிட்டது போலத் தெரியும். உதைக்கிறவரும் நம்பி உதைப்பார். அந்த இடைவெளியைக் கடக்கும் கை அவரிடம் இருந்தது.

பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஆட வந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1993-ல் பென்லீ அண்ட் எஸெண்டன் கிராமர் பள்ளியில் 12-ம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். 18 வயது கூட முடியவில்லை. வார நாளில் சீருடை, வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஃபுல் பேக்.

அதுவும் எந்தக் காலத்தில்? ஏஎஃப்எல் வரலாற்றில் 1000 கோலைத் தாண்டியவர்கள் ஆறே பேர். அதில் டோனி லாக்கெட் (1360), ஜேசன் டன்ஸ்டால் (1254), கேரி ஏப்லெட் ஆகிய மூவரும் அப்போது உச்சத்தில் இருந்தார்கள். கார்ல்டனின் கேப்டன் ஸ்டீபன் கெர்னஹன் இன்னொரு பக்கம். இவர்கள் எல்லோருக்கும் எதிராக ஒரு பள்ளிப் பையனை நிறுத்திய துணிச்சல் பயிற்சியாளர் கெவின் ஷீடியுடையது.

ஃபிளெச்சர் காலத்தில் ஆடிய நான்காவது ஆயிரக் கோல்காரர் லான்ஸ் ஃபிராங்க்ளின். அவர் 2005-ல்தான் ஆட வந்தார். அப்போதும் ஃபிளெச்சர் எஸெண்டனின் பின்வரிசையில் இருந்தார். அந்த ஆறு பேரில் நான்கு பேர் காலத்தை ஒரே டிஃபெண்டர் உள்ளடக்கியிருக்கிறார்.

அப்பா பெரிய ஆட்டக்காரர் என்பதால் சுலபமாக இடம் கிடைத்ததா?

அப்பா கென் ஃபிளெச்சர் எஸெண்டனுக்காக 264 ஆட்டங்கள் ஆடியவர், கேப்டனாகவும் இருந்தவர். ஏஎஃப்எல்-லில் 'அப்பா – மகன் விதி' ஒன்று உண்டு. அப்பா ஒரு கிளப்புக்குப் போதிய ஆட்டங்கள் ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை கிடைக்கும். டஸ்டின் அந்த வழியில் வந்தவர்தான். ஆனால் விதி கதவு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும். லாக்கெட் ஓடி வரும்போது கூட யார் நிற்பார்கள்?

முதல் வருடத்தில் அடி வாங்கவில்லையா?

நன்றாக வாங்கினார். அந்த 1993-ல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஜீலாங் அணிக்கு எதிராக ஒரு போட்டி. கேரி ஏப்லெட் ஒருவரே 14 கோல் அடித்தார். எஸெண்டன் பின்வரிசையில் ஃபிளெச்சரும் இருந்தார். அன்று ஏப்லெட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தது எஸெண்டன். மறுமுனையில் பால் சால்மன் 10 கோல் அடித்திருந்தார்.

ஒரு பையனை அப்படிப்பட்ட நாள் உடைத்துப் போட்டிருக்கலாம். ஷீடி அவரை வெளியே உட்கார வைத்துக் காயவிடவில்லை. அதே செப்டம்பரில் கார்ல்டனை 44 புள்ளிகளில் தோற்கடித்து எஸெண்டன் பட்டம் வென்றபோது ஃபிளெச்சரும் களத்தில் இருந்தார். பள்ளி இறுதித் தேர்வு இன்னும் முடியவில்லை. இளைஞர்கள் நிறைந்த அந்த அணியை இன்றைக்கும் 'பேபி பாம்பர்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். எஸெண்டன் பகுதியில் விமான நிலையம் இருப்பதால் கிளப்பின் பட்டப்பெயர் 'பாம்பர்ஸ்'.

அவருடைய உச்சம் எந்த வருடம்?

சந்தேகமே வேண்டாம், 2000.

அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1999 அரையிறுதியில் எஸெண்டன் கார்ல்டனிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. இறுதிப் போட்டிக்குள் கால் வைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த நேரம். அந்தக் காயத்தோடு 2000-க்குள் வந்த அணி, 25 ஆட்டங்களில் 24-ஐ ஜெயித்தது. தோற்றது வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் மட்டும். இறுதிப் போட்டியில் மெல்போர்ன் அணியை 60 புள்ளிகளில் வீழ்த்தியது. சிட்னி ஒலிம்பிக்ஸ் வருவதால் அந்த வருடம் இறுதிப் போட்டியைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிட்டார்கள்.

அந்த அணியில் கோல் மழை பொழிந்த மேத்யூ லாய்ட் இருந்தார், நடுக்களத்தில் கேப்டன் ஜேம்ஸ் ஹர்ட் இருந்தார். இருந்தும் கிளப்பின் சிறந்த வீரருக்கான கிரிச்டன் பதக்கம் யாருக்குப் போனது? ஃபிளெச்சருக்கு. ஒரே ஒரு தோல்வி கண்ட அணியில் சிறந்தவர் ஃபுல் பேக் என்று அவருடைய சொந்த கிளப்பே முடிவு செய்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே 2000 எனக்குப் பிடித்த சீசன்.

டிஃபெண்டர்களுக்குப் பெரிய விருதே கிடைக்காதா?

மிக அரிது. சீசனின் சிறந்த வீரருக்கு பிரவுன்லோ பதக்கம் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என ஓட்டு போடுவார்கள். நடுவரின் கண் பந்தோடு ஓடுகிறது. பந்து அதிகம் இருப்பது நடுக்களத்து ஆட்களிடம். நாள் முழுக்க ஒரு பெரிய ஃபார்வர்டுக்குப் பந்தே கிடைக்காமல் செய்தவரை யார் கணக்கில் எழுதுவார்கள்?

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் ஃபிளெச்சரின் அணியிலேயே. 1993-ல் பிரவுன்லோ வென்றவர் கேவின் வாங்கனீன், எஸெண்டனின் பேக் பாக்கெட், அதாவது ஃபுல் பேக்குக்குப் பக்கத்து இடம். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடித் தாக்குதலைத் தொடங்குகிற வகை டிஃபெண்டர் அவர். அதனால் கண்ணில் பட்டார்.

ஃபிளெச்சர் கோலே அடித்ததில்லையா?

அடித்திருக்கிறார், எழுபதுக்கும் மேல். சில சமயம் ஷீடி அவரை முன்வரிசைக்கு அனுப்புவார். அதுபோக, அவருடைய உதை மிக நீளம். பந்தைச் சாய்த்துப் பிடித்து, திருகு சுழற்சியோடு பறக்கவிடும் 'டார்பிடோ' உதையை இப்போது அதிகம் பேர் முயற்சி செய்வதில்லை. தப்பினால் பந்து எங்கே போகும் என்று தெரியாது. அவர் கடைசி வரை உதைத்தார்.

அதிகம் பயன்பட்டது கிக்-இன் நேரத்தில். எதிரணி பிஹைண்ட் அடித்தால், கம்பத்துக்கு முன்னால் இருக்கும் 9 மீட்டர் நீளக் கட்டத்துக்குள்ளிருந்து பந்தைத் திரும்ப ஆட்டத்துக்குள் உதைக்க வேண்டியிருந்தது. எதிரணி ஆட்கள் எல்லாம் பக்கத்தில் வலை விரித்து நிற்பார்கள். அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை அனுப்பத் தெரிந்த கால் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

40 வயது வரை எப்படித் தாக்குப்பிடித்தார்?

ஒரு காரணம் உடல்வாகு. ஒல்லியானவர், மூட்டுகளுக்குப் பாரம் குறைவு. இன்னொரு காரணம் இடம். நடுக்களத்தில் ஓடுகிற அளவு தூரம் ஃபுல் பேக் ஓட வேண்டியதில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்து பெரிய காரணம் தலைக்குள் இருந்தது. அவர் வந்த காலத்தில் ஆளுக்கு ஆள் சண்டை, அவ்வளவுதான். போகும் காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு இடத்தைக் காக்கிற கூட்டுத் தற்காப்பு வந்துவிட்டது. நடுவே விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. ஃபார்வர்டின் கையைத் தட்டுவதற்கு நடுவர்கள் கடுமையாக ஃப்ரீ கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006-ல், நடுவர் கொடி அசைத்து முடிக்கும் வரை காத்திருக்காமல் கிக்-இன் எடுக்கலாம் என்றார்கள். 2007-ல், பந்துக்குப் போட்டி போடும்போது முதுகில் கை வைப்பதே தப்பு என்றார்கள். 2008 இறுதிப் போட்டியில் ஹாத்தோர்ன் அணி நெருக்கடி வரும்போதெல்லாம் பந்தைத் தன் சொந்தக் கம்பங்களுக்கு இடையிலேயே தள்ளி ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்துத் தப்பித்தது, 11 முறை. அடுத்த வருடமே வேண்டுமென்றே அப்படிச் செய்தால் ஃப்ரீ கிக் என்றாகிவிட்டது.

இந்த மாற்றங்களில் பல டிஃபெண்டரின் கையைக் கட்டுபவை. உடல் பலத்தை மட்டும் நம்பியவர்கள் திணறினார்கள். ஃபிளெச்சர் ஆரம்பத்திலிருந்தே தள்ளுமுள்ளை நம்பியவர் இல்லை. பந்து எங்கே இறங்கும் என்று படிக்கத் தெரிந்தவருக்கு விதி மாறினாலும் வானத்தில் பந்து வரும் பாதை மாறுவதில்லையே.

அவர் ஒன்றும் சாது இல்லை. முரட்டு ஆட்டத்துக்காகத் தடை வாங்கி ஆட்டங்களைத் தவறவிட்டதும் உண்டு.

அத்தனை வருடத்தில் கூட ஆடியவர்கள்?

இதைச் சொன்னால்தான் 23 வருடம் எவ்வளவு நீளம் என்று புரியும். 1993-ல் பட்டம் வென்ற அணியின் கேப்டன் மார்க் தாம்சன். 2014-ல் அதே தாம்சன் எஸெண்டன் பயிற்சியாளர், ஃபிளெச்சர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். 1993-ல் பக்கத்தில் ஆடிய பையன் ஹர்ட், பின்னால் அவருக்கே பயிற்சியாளர். ஆரம்பத்தில் ஆண்டனி டேனிஹரோடு ஒரே அணியில் இருந்தார். கடைசியில் அவருடைய மகன் ஜோ டேனிஹரோடு ஆடினார். ஜோ பிறந்ததே 1994-ல்.

ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயரும் இருந்ததா?

இருந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

2012-ல் எஸெண்டன் கிளப் வீரர்களுக்கு ஊசி வழியாகக் கொடுத்த துணை மருந்துத் திட்டம் 2013-ல் விசாரணைக்கு வந்தது. அந்த வருடம் கிளப்பை இறுதிச் சுற்றிலிருந்து நீக்கி, 20 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். பயிற்சியாளர் ஹர்டுக்கு ஒரு வருடத் தடை. வீரர்கள் மீதான குற்றச்சாட்டை 2015 மார்ச் மாதம் ஏஎஃப்எல் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரியில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 34 வீரர்களுக்கு இரண்டு வருடத் தடை விதித்தது. அந்த 34 பேரில் ஃபிளெச்சரும் ஒருவர். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

கிளப் சொன்னதை நம்பித்தான் ஊசி போட்டுக்கொண்டோம் என்பது வீரர்கள் தரப்பு. உடம்புக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. இருபது வருடம் தன்னை வளர்த்த இடத்தை ஒருவர் நம்புவதில் எனக்கு ஆச்சரியமில்லை. தீர்ப்பு தீர்ப்புதான், அது அவர் பெயரோடு இருக்கும். ஆனால் அந்தத் திட்டத்துக்கு முன்னால் அவர் ஆடிய 19 சீசன்களும் அதே பெயரோடுதான் இருக்கின்றன.

400-வது ஆட்டம் எப்படி நடந்தது?

2015 மே 30, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், எதிரணி ரிச்மண்ட். பூர்வகுடி மக்களைக் கௌரவிக்க இந்த இரண்டு கிளப்புகளும் வருடா வருடம் ஆடும் 'ட்ரீம்டைம்' ஆட்டம் அது. அவருக்கு 40 வயது முடிந்து 23 நாள். எஸெண்டன் தோற்றது. தொடை இடுக்கில் காயம் பட்டது, அந்த சீசனில் திரும்ப வர முடியவில்லை. 401 என்ற எண் வரவே இல்லை.

அதோடு முடிந்ததா?

எஸெண்டனுக்காக முடிந்தது. ஆனால் அதே 2015 நவம்பரில் டப்ளின் குரோக் பார்க்கில், அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலையும் ஆஸ்திரேலிய ஆட்டத்தையும் கலந்த சர்வதேச விதிகள் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்குக் கோல்கீப்பராக நின்றார். அந்த ஆட்டத்தில் மட்டும் வலையும் கோல்கீப்பரும் உண்டு. நீளக் கைக்குப் பொருத்தமான இடம். அயர்லாந்து ஜெயித்தது.

400 ஆட்டம் ஆடியவர்கள் வேறு யார்?

அவருக்கு முன்னால் இரண்டே பேர்: கெவின் பார்ட்லெட் (403), மைக்கேல் டக் (426). பின்னால் பிரெண்ட் ஹார்வி 432 வரை போனார். ஷான் பர்கோயின் 407. ஸ்காட் பெண்டில்பரி 2024-ல் 400-ஐத் தொட்டு அதையும் தாண்டினார். இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் நடுக்களத்தில், அல்லது அதைச் சுற்றி ஆடிப் பெயர் வாங்கியவர்கள். கோல் வாசலில் நின்று 400-ஐ எட்டியவர் ஃபிளெச்சர் ஒருவர்தான். எஸெண்டன் கிளப்பில் அவருக்கு முன் சாதனை சைமன் மேடனுடையது, 378.

அவர் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

2000 இறுதிப் போட்டியை முழுதாகப் பாருங்கள். ஒரே ஒரு யோசனை: பந்தின் பின்னால் போகாதீர்கள். மெல்போர்ன் அணி பந்தை நடுக்களம் தாண்டிக் கொண்டுவரும்போது, கேமரா திரும்பும் முன்பே கோல் பக்கம் 31-ம் எண்ணைத் தேடுங்கள். கறுப்பு ஜெர்சி, குறுக்கே சிவப்புப் பட்டை. பந்து இன்னும் உதைக்கப்பட்டிருக்காது. ஃபார்வர்ட் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார். அவர் மட்டும் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டிருப்பார்.